கரைக்கும் கணக்கு உண்டு

தமிழ்நாட்டுக் கடற்கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருப்பதாகச் செய்தி படித்த மங்கலம்பேட்டை வாசகர் ஒருவர், “இதை யார் போய் அளந்தார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

அளந்தது சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களும் களத்தில் எடுத்த அளவுகளும்தான் ஆதாரம். வெவ்வேறு ஆண்டுகளின் கரைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிலத்திலிருந்து கடல் நோக்கிச் சீரான இடைவெளியில் குறுக்குக்கோடுகள் இழுப்பார்கள். ஒவ்வொன்றிலும் கரை எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதை ஆண்டுக்கணக்கால் வகுத்தால் வேகம் கிடைக்கும். அதே வேகத்தை முன்னே நீட்டினால் 2040இல் கரை எங்கே நிற்கும் என்ற மதிப்பீடு வரும்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கரைக்கோடுதான். அலைக்கு அலை நகர்வதில் எதைக் கரை என்று குறிப்பது? பெரும்பாலும் ஈர மணல் முடியும் விளிம்பைக் கொள்கிறார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியும்: கருத்த ஈரமணல், அலை ஒதுக்கிய சிப்பித்தூள், அதற்கு மேலே வெளிறிய மணல். ஐப்பசி, கார்த்திகை அலைகள் இந்த விளிம்பை உள்ளே தள்ளிவிடும். கடல் தணிந்த மாதங்களில் மணல் மெல்லத் திரும்பும். தை மாதப் படத்தை ஆடி மாதப் படத்தோடு ஒப்பிட்டால் இல்லாத மாற்றமெல்லாம் தெரியும். போதாக்குறைக்கு, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். ஆண்டுக்கு ஒரு மீட்டர் அரிப்பை அதில் நம்பிப் படிக்கப் பல்லாண்டுப் படங்கள் வேண்டும்.

இவ்வளவு கவனமாகப் போட்ட கோட்டையும் ஒரு சுவர் பொய்யாக்கிவிடும். புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. மேல்மடைக்காரர் வாய்க்காலை மறித்தால் கடைமடை காய்வதுபோல, சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரி நகரின் கடற்கரை கரைந்தது. பாறாங்கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டுத் தந்திராயன்குப்பத்து வீடுகளைப் பிடித்தது. சுவருக்கு முந்தைய படங்களிலிருந்து நீட்டிய எந்தக் கோடும் இதைச் சொல்லியிருக்காது. ஆனாலும் புயல் வந்து போனதும் ஊர் ஊராகக் கல் கொட்டச் சொல்லிக் கேட்கிறோமே தவிர, வடக்கே அடுத்த குப்பத்தின் கதி என்னவென்று வரைபடத்தைப் பிரிப்பதில்லை.

மங்கலம்பேட்டை போன்ற கடலே இல்லாத ஊருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடலோர அபாயக் குறியீடு ஏழு அம்சங்களைப் பார்க்கிறது: கரை நகரும் வேகம், கடல்மட்ட உயர்வு, நிலத்தின் உயரம், சரிவு, நில அமைப்பு, அலை உயரம், ஓத வீச்சு. ஆறு கொண்டுவரும் மணல் அதில் தனி அம்சமாக இல்லை. ஆனால் நம் பக்கத்து விருத்தாசலம் வழியே ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. இந்த ஆற்றிலிருந்து லாரியில் ஏறும் மணலில் ஒரு பங்கு அந்தக் கரைக்குப் போய்ச் சேரவேண்டியது. மணல் குவாரிக்கு அனுமதி கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும், அந்த ஆற்றின் முகத்துவாரக் கரை எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்ற தாளையும் சேர்த்து வைக்க வேண்டும்.