உறங்கிக் கிடந்த படகு இயந்திரம்

கெர்லிங் வட்டாரத்தில் பெய்யும் மழை கெர்லிங் ஆற்றில் இறங்குகிறது. அந்த ஆறு சிலாங்கூர் ஆற்றோடு கலந்து, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. ஆகவே, மலையோரத் தோட்டத்து வீடொன்றின் கொட்டகையில் படகு இயந்திரம் ஒன்று கிடந்தால் அதில் வியப்பில்லை. விடுமுறை நாள்களில் கழிமுகம் வரை சென்று மீன்பிடித்து வந்த ஒரு தாத்தாவின் இயந்திரம் அது என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு வயதானதும், இயந்திரம் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாகச் சாய்ந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பேரன் அதைக் காண்கிறான். ஆவல் தாங்காமல் இழுகயிற்றைப் பற்றி இழுக்கப் போகிறான்.

அதைத்தான் முதலில் செய்யக்கூடாது.

படகின் பின்பலகையில் மாட்டி இயக்கும் இத்தகைய இயந்திரத்தை மலாய்மொழியில் ‘எஞ்சின் சங்குட்’ என்பார்கள். மாட்டித் தொங்கவிடும் இயந்திரம் என்பது பொருள். பெயரிலேயே விளக்கம் அடங்கியிருக்கிறது. தலைப்பகுதியில் இயந்திரம், நடுவில் நீண்ட தண்டு, நீருக்குள் பற்சக்கரப் பெட்டியும் சுழலியும். இவ்வகை இயந்திரத்தை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். வெயில் நாளொன்றில், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்காக ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததே இயந்திரம் பற்றிய எண்ணம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1909ஆம் ஆண்டில் அவரது ஒன்றரைக் குதிரைத்திறன் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. நம் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட யமஹா நிறுவனம் 1960ஆம் ஆண்டில்தான் இத்துறையில் கால்பதித்தது.

பழைய படகு இயந்திரங்களுள் பெரும்பாலானவை ‘டூ-ஸ்ட்ரோக்’ எனப்படும் ஈரடி இயந்திரங்கள். அவற்றில் வால்வுகளைத் திறந்து மூடும் பொறியமைப்பு இல்லை. எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் இல்லை. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே உள்ளே சென்று உறுப்புகளுக்கு வழவழப்பைத் தருகிறது. உறுப்புகள் குறைவு, ஆகவே பழுதாகும் இடங்களும் குறைவு. நீண்ட நாள் கிடந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், ஓடித் தேய்ந்த உறுப்புகளைவிட ஓடாமல் கெட்ட உறுப்புகளே அதிகமாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் துரு சும்மா இருப்பதில்லை. எஞ்சிய பெட்ரோல் பிசினாகிறது. ரப்பர் விறைத்துப்போகிறது. இந்த நிலையில் கயிற்றை வேகமாக இழுத்தால், துருவேறிய பிஸ்டன் வளையம் முறியலாம். உருளையின் உட்சுவரில் கீறல் விழலாம். அதுவரை காப்பாற்றக்கூடியதாக இருந்த இயந்திரம் அந்த ஓர் இழுப்பில் பழைய இரும்பாகிவிடும்.

முதலில் தொட்டியில் எஞ்சியிருக்கும் பழைய பெட்ரோலை வடித்து, வேலை செய்யும் இடத்திலிருந்து தொலைவில் வைக்க வேண்டும். பிறகு, பட்டறைகளில் ‘பிளக்’ என்று சொல்லப்படும் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி இலேசான எண்ணெயை உருளைக்குள் விட வேண்டும். விட்டதும் திருகிப் பார்க்கக் கை பரபரக்கும். ஒருநாள் பொறுத்திருப்பது நல்லது. இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. எண்ணெய் ஊறிய பின்னர், மேலிருக்கும் கனத்த சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றலாம். கயிறு இழுக்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ அந்தப் பக்கமே சுழற்ற வேண்டும். சக்கரம் அசைய மறுத்தால், மறுபடியும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

சக்கரம் தடையின்றிச் சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து, தீப்பொறி வருகிறதா என்று பார்க்கலாம். இவ்வகை இயந்திரங்களுள் பலவற்றுக்கு மின்கலமே தேவையில்லை. கனத்த சக்கரத்தின் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சக்கரம் சுழலும்போது அவை கம்பிச்சுருளைக் கடந்து செல்கின்றன. சுருளில் மின்சாரம் உண்டாகிறது. இயற்பியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. கழற்றிய செருகியைக் கம்பியோடு இணைத்து, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் உலோகத்தைத் தொடுமாறு, செருகித் துளையிலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் கயிற்றை விரைவாக இழுத்தால், நீலநிறப் பொறி தெறிக்க வேண்டும். கம்பியைக் கையால் பிடித்தால் கடுமையான மின்னதிர்ச்சி கிடைக்கும். பெட்ரோலை முதலிலேயே அப்புறப்படுத்தச் சொன்னதற்கும் இந்தப் பொறிதான் காரணம். பொறி வராவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. புதிய செருகி ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால், சக்கரத்தின் அடியிலுள்ள தொடுமுனைகளில் ஈரத்தால் படலம் படிந்திருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தாலே பல இயந்திரங்களுக்கு உயிர் வந்துவிடும்.

பெட்ரோல் எளிதில் ஆவியாகக்கூடியது. அதனால்தான் அது சட்டென்று தீப்பிடிக்கிறது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரிக் கடற்கரையில் மண்ணெண்ணெயால் ஓடும் வள்ளங்கள் உண்டு. அவற்றையும் பெட்ரோலை ஊற்றித்தான் முதலில் இயக்குவார்கள். ஆனால், இந்தக் குணமே சேமிப்பில் கேடாக முடிகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, அடியில் பழுப்புநிறப் பிசின் தங்கிவிடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் துளைகள் ஊசிமுனை அளவே இருக்கும். அவற்றை அடைக்கச் சிறிது பிசினே போதும். கார்புரேட்டரைக் கழற்றி, அதற்கென விற்கப்படும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை அகன்றுவிடும். அதன்பின் பெட்ரோலின் அளவு ஒருபோதும் சரிப்படாது. வெடிப்பு விட்ட குழாய்களை மாற்றியே ஆக வேண்டும்.

புதிய பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலப்பது? ஐம்பதுக்கு ஒன்று என்றால், 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால், அதே 10 லிட்டருக்கு 400 மில்லிலிட்டர். பழைய இயந்திரங்கள் பலவும் கூடுதல் எண்ணெய் கேட்பவை. அளவு பெரும்பாலும் இயந்திரத்தின் மீதோ அதன் கையேட்டிலோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் புதிய இயந்திரத்திற்கு உரிய அளவை இதற்குப் பயன்படுத்தினால், எண்ணெய் போதாமல் பிஸ்டன் இறுகிவிடும்.

இதுவரை சொன்னவற்றைச் செய்தவர்கள்கூடத் தவறும் இடம் ஒன்று உண்டு. அது தண்ணீர். மோட்டார் சைக்கிளைக் காற்று குளிர்விக்கிறது; படகு இயந்திரத்தை ஆற்றுநீர் குளிர்விக்கிறது. தண்டின் கீழ்ப்பகுதியில் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறிய விசிறி ஒன்று இருக்கிறது. அது நீரை உறிஞ்சி, மேலே இருக்கும் உருளையைச் சுற்றி அனுப்புகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட நீர் வெளியேறுகிறது. இயந்திரம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும்போது, இதழ்கள் ஒரே பக்கமாக மடங்கியபடி விறைத்துவிடுகின்றன. பார்வைக்கு ரப்பர், தொட்டால் ஓடு. அப்படிப்பட்ட விசிறி நீரை ஏற்றாது. சில சமயம் இதழ் ஒடிந்து, நீர் செல்லும் வழியையே அடைத்துக்கொள்ளும். ஆகவே, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் விசிறியைப் புதிதாக மாற்றிவிடுவதே அறிவுடைமை. கழிமுகத்தில் ஓடிய இயந்திரமென்றால், உப்பும் சேறும் குழாய்களில் இறுகியிருக்கும். நன்னீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். இயந்திரத்தைத் தண்ணீர் இல்லாமல் வெறும் தரையில் ‘ஒரு நிமிடம் மட்டும்’ ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வறண்ட ரப்பர் விசிறி கெடுவதற்கு அந்த ஒரு நிமிடம் தாராளம்.

கீழே வந்துவிட்டோம்; பற்சக்கரப் பெட்டியையும் பார்த்துவிடலாம். அதன் அடித்திருகைக் கழற்றினால் எண்ணெய் வடியும். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அடைப்பு வளையங்களை மாற்ற வேண்டும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியாக வெளியேறும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் சுழலியைத் தண்டோடு பிணைப்பது ஒரு சிறிய ஊசி. மிதந்து வரும் மரக்கட்டையில் சுழலி மோதினால், இந்த ஊசி தான் முறிந்து பற்சக்கரங்களைக் காப்பாற்றும். ஊசிக்குப் பதிலாகக் கடினமான ஆணியைச் செருகுவது சிலரின் சிக்கனம். ஆணி முறியாது, பற்சக்கரம் முறியும்.

இனி இயக்கிப் பார்க்கலாம். பெரிய பீப்பாயில் நீர் நிரப்பி, நீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி, உறுதியான பலகையில் இயந்திரத்தை மாட்ட வேண்டும். பீப்பாய் திறந்தவெளியில் இருக்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. மூடிய கொட்டகையில் அது உயிரைப் பறிக்கும். சுழலியைக் கழற்றிவிட்டால் கைக்கு ஆபத்தில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது கட்டாயம். பட்டறை அனுபவம் உள்ளவரென்றால் மிக நல்லது. காற்றடைப்பானை மூடிக் கயிற்றை இழுத்தால், முதலில் ஓர் இருமல், பிறகு இன்னொன்று. திடீரென்று நீலப்புகையோடு இயந்திரம் கனைத்து எழும். உருளைக்குள் விட்ட எண்ணெய் எரிவதால் தொடக்கத்தில் புகை மிகுதியாகவே இருக்கும். அந்த மகிழ்ச்சியில் ஒன்றை மறக்கக்கூடாது. நீர் வெளிவருகிறதா? சில இயந்திரங்களில் அது பக்கத்துத் துளையிலிருந்து பீறிடும். மிகப் பழையவற்றில் புகையோடு சேர்ந்து வரும். அரை நிமிடத்திற்குள் நீரைக் காணவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பீப்பாயில் ஓடியது ஆற்றிலும் ஓடும் என்பது உறுதியில்லை. கோலசிலாங்கூர் கழிமுகத்தில் கடல் வற்றும் வேளையில் இயந்திரம் நின்றுவிட்டால், நீரோட்டம் படகைக் கடலை நோக்கி இழுத்துச் செல்லும். அதனால் முதல் பயணம் கரையோரமாக, நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி அமைய வேண்டும். அப்போது நின்றாலும் நீரே நம்மைப் புறப்பட்ட இடத்திற்குக் கொண்டுவரும். பாதுகாப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். துடுப்பு, நங்கூரம், மாற்றுச் செருகி, மாற்று ஊசி ஆகியவை படகில் இருக்க வேண்டும். ஆற்றின் எல்லாப் பகுதிகளிலும் இந்த இயந்திரத்திற்கு இடமில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கம்போங் குவந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே சீராக மின்னும் மின்மினிகளைக் காணச் செல்பவர்களைத் துடுப்புச் சம்பானில்தான் அழைத்துச் செல்கிறார்கள். ஈரடி இயந்திரம் எரியாத பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஒரு பகுதியைப் புகையோடு நீரில் விட்டுவிடுகிறது. இரைச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் நன்னீர்ப் பீப்பாயில் சிறிது நேரம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். பின்னர்ப் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இயந்திரத்தை நிமிர்த்தி மாட்டினால் உள்ளிருக்கும் நீர் வடிந்துவிடும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாது. தாத்தாவின் கோணிச் சாக்கை மட்டும் மறுபடியும் போர்த்த வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.