நான்கு நிமிடத்தை வென்ற டாக்டர்



"படிக்கவே நேரம் போதவில்லை, எப்போது சார் விளையாடுவது?" என்று என் வகுப்பில் பலர் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பெயர், ரோஜர் பானிஸ்டர்.

இவர், 1929ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள ஹாரோ என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்துக்கொண்டே ஓட்டப் பயிற்சியும் செய்தார். இதற்காகப் படிப்பைக் குறைக்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் ஓடிப் பழகினார்!

1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 1,500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். பதக்கம் இல்லை. ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று கூட யோசித்தார். பிறகு, புதிய இலக்கு ஒன்றை வைத்துக்கொண்டார்.

அக்காலத்தில், ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்திற்குள் ஓட மனிதனால் முடியாது என்று பலர் நம்பினர். ஸ்வீடன் வீரர் குண்டர் ஹாக், 1945ல் 4 நிமிடம் 1.4 வினாடியில் ஓடியதே சாதனையாக இருந்தது.

1954, மே 6. காலையில் மருத்துவமனையில் வேலை. பின், ரயிலேறி ஆக்ஸ்போர்டு சென்றார் பானிஸ்டர். அன்று பலத்த காற்று. ஓடுவதா, வேண்டாமா? கடைசி நேரத்தில் காற்று தணிந்தது. நண்பர்கள் பிராஷர், சாட்டவே இருவரும் மாறி மாறி முன்னே ஓடி, வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டனர். கடைசிச் சுற்றில் பானிஸ்டர் முந்தினார். கோட்டைத் தொட்டதும் நண்பர்களின் கைகளில் சாய்ந்தார்.

நேரத்தை அறிவித்தவர், "மூன்று..." என்றதுமே மைதானம் அதிர்ந்தது. 3 நிமிடம் 59.4 வினாடி!

இந்தச் சாதனை, 46 நாட்களே நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதை முறியடித்தார். ஆனால், அதே ஆண்டு வான்கூவரில் இருவரும் மோதியபோது, பானிஸ்டரே வென்றார்.

அந்த ஆண்டே ஓட்டத்திலிருந்து விடைபெற்று, முழுநேர மருத்துவரானார். நரம்பியலில் ஆராய்ச்சி செய்தார். 1975ல் 'சர்' பட்டம் கிடைத்தது. ஓட்டத்தை விட, மருத்துவப் பணியே தனக்குப் பெருமை என்று கூறுவார்.

முதுமையில், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பார்க்கின்சன் நோய் அவருக்கே வந்தது. கால்கள் தளர்ந்தன, மனம் தளரவில்லை. 2018ல் காலமானார்.

செல்வங்களே, பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் ஓடிப் பாருங்கள். ஒரு நிமிடத்திற்குள் முடிகிறதா? அவர் அப்படி நான்கு சுற்று ஓடினார். மறுபடியும் போய்ப் புத்தகத்தை எடுத்தார்!