மகள் எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே வாரத்தில் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் விஷயம் ஒன்றுதான். உள்ளூர் நூலகம் கோடை வாசிப்புத் திட்டத்துக்கு விளம்பர வீடியோ எடுத்துத் தரும்படி பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருக்கிறது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. வீடியோவும் தயார். ஆனால் கூடவே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய படிவம் புரியவில்லை. பின்னணியில் வைத்த பாரதியார் பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டார்களே, பாரதிக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று ஒரு தாய் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

விடுமுறையில் படிக்காத பிள்ளைகள் கற்றதை மறந்துவிடுவார்கள், அதைத் தடுக்கவே இந்தத் திட்டம் என்று நூலகங்கள் சொல்கின்றன. ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. இந்தக் கருத்துக்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது 1982இல் பால்டிமோர் நகரில் தொடங்கிய ஆய்வு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பல், அந்த முடிவு தேர்வுகள் மதிப்பெண் போட்ட முறையால் வந்ததாக இருக்கலாம் என்று 2019இல் எழுதினார். தவிர, கோடைத் திட்டத்தில் ஓடிவந்து பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள்தான். படிக்காத பிள்ளையை உள்ளே இழுப்பது எப்படி என்பதுதான் நூலகங்களின் உண்மையான கவலை. பதினைந்து வயதுக்காரன் நூலகர் சொன்னால் கேட்க மாட்டான், இன்னொரு பதினைந்து வயதுக்காரி சொன்னால் கேட்பான் என்ற கணக்கில்தான் இந்த வீடியோப் போட்டிகள் பிறந்தன.

நல்ல கணக்குதான், நூலகத்துக்குச் செலவும் குறைவு. மின்னசோட்டாவின் பத்து வட்டார நூலக அமைப்புகள் 1987இல் ஒன்றுசேர்ந்து பொதுவான கோடைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தன. அதுவே பின்னர் பல மாநிலங்கள் சேர்ந்த 'கொலாபரேட்டிவ் சம்மர் லைப்ரரி புரோகிராம்' ஆனது. ஆண்டுக்கொரு முழக்கம், எல்லா ஊருக்கும் ஒரே சுவரொட்டி. நிலவில் மனிதன் கால்வைத்து ஐம்பது ஆண்டு நிறைந்த 2019இல் முழக்கம் 'எ யுனிவர்ஸ் ஆஃப் ஸ்டோரீஸ்'. இந்த அமைப்பு 2011இல் 'டீன் வீடியோ சேலஞ்ச்' தொடங்கியபோது மாநிலத்துக்கு ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து, எடுத்தவர்களுக்கு 275 டாலர் கொடுத்தது. ஒரு மாநிலம் முழுக்க ஓடக்கூடிய விளம்பரத்துக்கு விலை அவ்வளவுதான். பணம் குறைவு என்பதல்ல என் குறை. பணத்தோடு சேர்த்து என்ன வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி யாரும் சொல்வதில்லை என்பதுதான்.

இப்படிப்பட்ட படிவங்களில் வழக்கமாக இரண்டு வாக்குறுதிகள் இருக்கும். வீடியோவில் உள்ள எல்லாம் என்னுடையது, அல்லது உரியவரிடம் அனுமதி பெற்றது என்பது முதலாவது. என்னுடையதை நூலகம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. முதலாவதை வரிவரியாகச் சோதிக்கிறார்கள். இரண்டாவதை யாரும் வாய்திறந்து விளக்குவதில்லை.

முதலில் அந்தப் பாரதியார் பாட்டு. அந்த அம்மா அனுப்பிய, மகள் எடுத்த வீடியோவைப் பார்த்தேன், எண்பது விநாடிதான். அகராதிகளை அடுக்கி அவற்றின்மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாள். தம்பி ஒரு தடிமனான புத்தகத்தைத் திறக்கிறான், உள்ளிருந்து வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. புத்தகத்துக்குள் டார்ச் லைட். அந்த வெளிச்சம் வரும் நொடியில் சரியாகப் பாட்டு எழும்புகிறது. அந்த இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. ஆனால் அது சினிமாவில் வந்த பாட்டு.

ஒரு பாட்டுக்கு மூன்று பூட்டு. வரிகள் ஒரு பூட்டு, மெட்டு ஒரு பூட்டு, ஒலிப்பதிவு ஒரு பூட்டு. பாரதி மறைந்தது 1921இல். அவர் வரிகள் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. முதல் பூட்டு திறந்தே கிடக்கிறது. ஆனால் படத்துக்காக மெட்டுப் போட்ட இசையமைப்பாளருக்கு இரண்டாவது பூட்டு, பதிவை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கு மூன்றாவது பூட்டு. அமெரிக்கச் சட்டம் இந்தியப் பாடலுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுக்கிறது. தமிழருக்கு இது புதிதல்ல. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது.

தியாகராஜர் கீர்த்தனையானால் வரியும் மெட்டும் திறந்தவை. ஆனால் சபாக் கச்சேரி சிடியிலிருந்து எடுத்துப் போட்டால் மூன்றாவது பூட்டு தடுக்கும். அமெரிக்காவில் இந்த ஆண்டு, 2026 ஜனவரி 1 அன்று, பொதுச்சொத்தான ஒலிப்பதிவுகள் 1925இல் வெளியானவை. அதற்குப் பிந்திய பதிவுகள் பூட்டியவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடி வரை எடுத்தால் குற்றமில்லை என்பது ஊர்ப்பேச்சு, அப்படி ஒரு சட்டமே கிடையாது. பாடம் நடத்துவதற்காக வகுப்பறைக்குள் போட்டுக் காட்ட விலக்கு உண்டு. இணையத்தில் ஏறும் போட்டி வீடியோவுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது செயலிகள். டிக்டாக்கில் சொந்தக் கணக்கில் போடும்போது பிரபலமான பாட்டுகளைச் செயலியே எடுத்துக் கொடுக்கிறது, அது அனுமதியோடுதான். அதே வீடியோவை ஒரு நிறுவனத்தின் வணிகக் கணக்கில் ஏற்றினால் அந்த அனுமதி செல்லாது, வணிகக் கணக்குகளுக்குத் தனிப் பாட்டுப் பட்டியல் உண்டு. நேற்றுவரை சரியாக இருந்த பாட்டு, நூலகம் எடுத்துப் போட்டவுடன் தப்பாகிவிடுகிறது. பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை, கணக்குதான் மாறியது. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' இசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு வருகிற இசையைக் காட்சியோடு சேர்த்தாலே அந்த உரிமத்தின்படி அது மாற்றம்தான்.

அந்த அம்மாவுக்கு என் பதில்: மகளுக்கு வீணை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை அவளே வாசித்துப் பதிவு செய்யட்டும். மூன்று பூட்டுக்கும் சாவி அவள் கையில்.

இப்போது இரண்டாவது வாக்குறுதி, எனக்கு உறுத்துவது இதுதான். வீட்டை வாடகைக்கு விடுவதும் கிரயம் எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல என்று எல்லோருக்கும் தெரியும். வீடியோவிலும் அப்படித்தான். நூலகம் இதைக் காட்டலாம், பகிரலாம் என்று அனுமதி கொடுத்தால் வீடியோ உங்கள் மகளுடையது. உரிமை முழுவதையும் மாற்றித் தருகிறேன் என்று எழுதினால் அது கிரயம். கல்லூரி விண்ணப்பத்தோடு தான் எடுத்த வீடியோவை அனுப்பக்கூட அவள் அனுமதி கேட்க வேண்டிவரும். கையெழுத்தோடு எழுத்தில் இல்லாமல் உரிமை கைமாறாது என்பது அமெரிக்கச் சட்டம். அதனால்தான் அந்த ஒரு பக்கப் படிவத்துக்கு அவ்வளவு வலு.

அதிலும் மோசமான சொற்றொடர் ஒன்று உண்டு: 'ஒர்க் மேட் ஃபார் ஹயர்'. கூலிக்குச் செய்த வேலை என்று அர்த்தம். இதற்கு ஒப்புக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் வீடியோவை எடுத்தவளாகவே உங்கள் மகள் இருக்க மாட்டாள், நூலகமே படைப்பாளி ஆகிவிடும். வெறும் கிரயமாக இருந்தாலாவது, எழுதிக் கொடுத்த படைப்பாளி 35 ஆண்டு கழித்து உரிமையைத் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கூலி வேலைக்கு அந்த வழியும் அடைபடும். ஒரு கோடைக்கால விளம்பரத்துக்குக் காட்டும் அனுமதி போதும். அதற்கு மேல் ஒரு பொது நூலகம் கேட்பது நியாயமில்லை. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாமா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் பிள்ளையைப் போட்டியிலிருந்து நீக்கினால் அந்தப் போட்டி வேண்டாம்.

மற்றக் கேள்விகள்.

பெற்றோர் கையெழுத்து எதற்கு? 18 நிறையாதவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே பின்னால் மறுக்கலாம் என்பதால்.

தம்பிக்குப் பத்து வயது, படத்தில் வரலாமா? பெரும்பாலும் வரலாம், அவனுக்கும் தனிப் படிவம் கேளுங்கள்.

பின்னால் உட்கார்ந்து படிப்பவர்கள் தெரிகிறார்களே? அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். யார் என்ன படிக்கிறார் என்பது அமெரிக்க நூலகங்கள் காக்கும் ரகசியம்.

புத்தக அட்டையைக் காட்டலாமா? அட்டை ஓவியமும் ஒருவருக்குச் சொந்தம். விதியில் தெளிவில்லை என்றால் முதுகுப் பக்கம் தெரியும்படி வையுங்கள்.

ஏஐ செய்த இசை? முழுக்க இயந்திரம் செய்ததற்குக் காப்புரிமை இல்லை என்கிறது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம். உங்கள் போட்டி அதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவுதான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை மகளோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். கையெழுத்திட்டபின் போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். 35 ஆண்டு கழித்து உரிமையைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், அவளுக்கு முதலில் வேண்டியது அந்தக் காகிதம்.