தரவுப் போதுமைக் கணக்குகளில் நேர்ம, எதிர்ம எண்கள்

தரவுப் போதுமைக் கணக்கு என்பது, ஒரு வினாவுக்கு விடை காண்பதற்குக் கொடுக்கப்பட்ட தகவல்கள் போதுமானவையா என்பதை மட்டும் தீர்மானிக்கக் கோரும் கணித வினா வகையாகும். விடையையே கணித்துத் தருவது இதன் நோக்கமன்று. மேலாண்மை முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் இவ்வகை வினாக்கள் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. முன்னர்க் கணிதப் பிரிவில் இருந்த இவை, 2023 நவம்பரில் அறிமுகமான புதிய தேர்வு வடிவில் 'டேட்டா இன்சைட்ஸ்' எனும் பிரிவுக்கு மாற்றப்பட்டன. இந்தியாவில் வங்கி அலுவலர் தேர்வுகளிலும் இவை கேட்கப்படுவதுண்டு. ஓர் எண் நேர்ம எண்ணா (மிகை எண்), எதிர்ம எண்ணா (குறை எண்) என்று வினவும் கணக்குகள் இவற்றுள் எளியவை போலத் தோன்றினும், பலர் தவறு செய்யும் இடம் இதுவே.

வினாவின் அமைப்பு

ஒரு வினாவும் அதனைத் தொடர்ந்து இரண்டு கூற்றுகளும் தரப்படும். ஜிமேட் தேர்வில் விடைத் தெரிவுகள் ஐந்தும் எப்போதும் ஒரே வரிசையில் அமையும்: கூற்று 1 மட்டும் போதும், கூற்று 2 மட்டும் போதும், தனித்தனியே போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும், ஒவ்வொன்றும் தனியாகவே போதும், இரண்டும் சேர்ந்தும் போதாது. வங்கித் தேர்வுகளில் இவ்வரிசை மாறி வரக்கூடும் என்பதால், மனப்பாடமாக விடை குறிப்பது ஆபத்தானது.

'ஆம்' எனும் உறுதியான விடையைப் போலவே, 'இல்லை' எனும் உறுதியான விடையும் போதுமையைக் காட்டும். 'சில வேளைகளில் ஆம், சில வேளைகளில் இல்லை' என்று வந்தால் மட்டுமே தரவு போதாது.

குறி விதிகள்

ஒரே குறியுடைய இரண்டு எண்களின் பெருக்கற்பலன் நேர்மம். மாறுபட்ட குறியுடையவற்றின் பெருக்கற்பலன் எதிர்மம். இவ்விதிகளை 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தமது பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் செல்வம், கடன் என்னும் சொற்களைக் கொண்டு விளக்கியுள்ளார். சுழியம் நேர்மமும் அன்று, எதிர்மமும் அன்று. சுழியம் அல்லாத எந்த மெய்யெண்ணின் இரட்டைப்படை அடுக்கும் நேர்மமாகவே இருக்கும்; ஆகவே க² > 0 என்னும் கூற்று, க சுழியம் அன்று என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. ஒற்றைப்படை அடுக்கு, மூல எண்ணின் குறியை அப்படியே காக்கும்.

எடுத்துக்காட்டு: மதிப்புகளை இட்டுப் பார்த்தல்

க நேர்ம எண்ணா?
(1) க³ > க
(2) க ஒரு முழு எண்

கூற்று 1-ஐ மட்டும் கொள்வோம். க = 2 எனில் 8 > 2; பொருந்துகிறது, விடை 'ஆம்'. க = −2 எனில் −8 > −2 என்பது பொய். க = −1 எனில் இருபுறமும் சமம்; அதுவும் பொருந்தாது. இத்துடன் நிறுத்திக்கொள்பவர், எதிர்ம எண் எதுவும் பொருந்தாது என்று எண்ணி, கூற்று 1 மட்டும் போதும் என முடிவு செய்துவிடுவார். ஆனால் க = −1/2 எனில் க³ = −1/8; இது −1/2-ஐ விடப் பெரியது. எனவே கூற்று பொருந்துகிறது, விடையோ 'இல்லை'. கூற்று 1 போதாது.

இதன் காரணத்தைக் காரணிப்படுத்தினால் தெளிவாகக் காணலாம். க³ − க = க(க − 1)(க + 1). இது −1, 0, 1 ஆகிய இடங்களில் குறி மாறுகிறது. −1-க்கும் 0-க்கும் இடையிலும், 1-க்கு மேலும் மட்டுமே நேர்மமாகும். கூற்று 2 தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தால் −1-க்கும் 0-க்கும் இடையே முழு எண் இல்லாமையால் க > 1 ஆகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும்.

மதிப்புகளை இட்டுப் பார்க்கும் முறையின் எல்லையும் இங்கு விளங்கும். முரண்பட்ட விடை தரும் இரண்டு மதிப்புகள் கிடைத்தால், தரவு போதாது என்பது நிறுவப்பட்டுவிடும். மாறாக, நூறு மதிப்புகள் ஒரே விடையைத் தந்தாலும் போதும் என்பது நிறுவப்பட்டதாகாது. அதற்கு இயற்கணிதமே தேவை. இட்டுப் பார்ப்பதாயின் −2, −1, −1/2, 0, 1/2, 1, 2 ஆகிய ஏழும் பெரும்பாலான கணக்குகளுக்கு நல்ல தொடக்கமாகும்.

குறி தெரியாத எண்ணால் வகுத்தல்

க² > க என்பதை இருபுறமும் க-வால் வகுத்து க > 1 என எழுதுவது மிகப் பரவலான பிழை. க நேர்மமாக இருந்தால்தான் அது சரி. எதிர்மமாயின் சமனிலியின் திசை மாறும். உண்மையில் க² > க என்பது க > 1 அல்லது க < 0 என்பதையே குறிக்கும். மாறாக, க³ > க² என்பதைக் க²-ஆல் வகுக்கலாம். க = 0 எனில் அச்சமனிலியே பொருந்தாது; பிற மதிப்புகளுக்குக் க² நேர்மமே. எனவே அதிலிருந்து க > 1 என்பது ஐயமின்றிக் கிடைக்கும்.

மற்றோர் எடுத்துக்காட்டு:

க > ச ஆகுமா?
(1) க/ச > 1
(2) ச < 0

க = 4, ச = 2 என்பதும் க = −4, ச = −2 என்பதும் கூற்று 1-ஐ நிறைவு செய்கின்றன; ஆனால் விடைகள் வேறுபடுகின்றன. கூற்று 2 க-வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து, எதிர்ம எண்ணான ச-வால் பெருக்கினால் க < ச எனக் கிடைக்கும். வினாவுக்கு விடை திட்டவட்டமாக 'இல்லை'. ஆதலால் இரண்டும் சேர்ந்து போதுமானவை. 'இல்லை' என்று வந்ததைக் கண்டு 'போதாது' எனக் குறிப்பவர்கள் சரியாகக் கணக்கிட்டும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

சுழியம்

க × ச < 0 ஆகுமா?
(1) |க − ச| = |க| + |ச|
(2) க ≠ 0

எண் கோட்டில் க, ச இரண்டும் சுழியத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் முதற்கூற்று உண்மையாகும். அவற்றுள் ஒன்று சுழியமாகவே இருந்தாலும் அது உண்மையாகும். அதாவது கூற்று 1 தருவது க × ச ≤ 0 மட்டுமே. கூற்று 2 க-வை மட்டுமே விலக்குகிறது. க = 3, ச = −2 எனில் விடை 'ஆம்'; க = 3, ச = 0 எனில் 'இல்லை'. இரண்டும் சேர்ந்தும் போதாது. இரண்டாம் கூற்று க × ச ≠ 0 என இருந்திருப்பின், இரண்டும் சேர்ந்து போதுமானவையாக இருந்திருக்கும்.