மேடைக்கு வராத ராபர்ட் ரிச்

1957 மார்ச், ஆஸ்கர் விழா. ‘தி பிரேவ் ஒன்’ படத்தின் கதைக்கு விருது. ராபர்ட் ரிச்னு கூப்பிடுறாங்க, ஆள் வரலை. எப்படி வருவார்? அந்தப் பேர்ல கதை எழுதினவர் டால்டன் டிரம்போ.

அவர் ஏன் ஒளிஞ்சு எழுதணும்?

பத்து வருஷம் பின்னாடி போவோம். 1947. சோவியத் யூனியனோட பனிப்போர் ஆரம்பிச்ச நேரம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு ஹாலிவுட்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டது: “நீங்க கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா? எப்பவாவது இருந்தீங்களா?”

கட்சியில இருக்கிறது அப்போ சட்டப்படி குற்றமில்லை. ஆனா கேள்வியிலேயே கண்ணி இருந்தது. ‘ஆமாம்’னா, “கூட யார் யார் இருந்தாங்க?”ன்னு அடுத்த கேள்வி. பொய் சொன்னா வழக்கு. பதில் சொல்ல மறுத்தா நாடாளுமன்ற அவமதிப்பு. டிரம்போவோட சேர்த்துப் பத்துப் பேர் மறுத்தாங்க. பத்துப் பேரும் சிறைக்குப் போனாங்க.

அதைவிடப் பெரிய தண்டனை வேலை போனது. இவங்களுக்கு வேலை தராதீங்கன்னு எந்தச் சட்டமும் சொல்லலை. பயந்துபோன ஸ்டுடியோ முதலாளிகளே கூடிப் பேசி அந்த முடிவை அறிவிச்சாங்க. செனட்டர் மெக்கார்த்தி 1950-ல ‘என் கையில லிஸ்ட் இருக்கு’ன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த விசாரணையும் இந்த அறிவிப்பும் நடந்தாச்சு. இந்தக் காலத்துக்கு அவர் பேர் ஒட்டிக்கிச்சு. பயம் அவருக்கும் மூத்தது.

1960-ல ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்துல டிரம்போ பேர் திரையில வந்தது. அந்த ஆஸ்கர் அவர் கைக்கு வந்தது 1975-ல. அடுத்த வருஷம் இறந்துட்டார்.