தீவில் ஒதுங்கிய கோடீசுவரர்கள்

பெருஞ்செல்வரைக் கேலி செய்யும் படத்தைக் கண்டு சிரித்துவிட்டு எழுந்து வருவது நம் வழக்கம். சிரித்த நம்மையே பின்னர்ச் சிந்திக்க வைக்கும் படங்கள் சிலவே. சுவீடன் நாட்டு இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்டின் ‘டிரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்’ அவற்றுள் ஒன்று. 2022-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையைப் பெற்றது.

ஓர் உல்லாசக் கப்பல். அதில் உரம் விற்றுக் கோடீசுவரரான ருஷ்யர் ஒருவர். கையெறி குண்டு செய்து பொருள் சேர்த்த, சாந்தமே உருவான முதிய ஆங்கிலத் தம்பதியர். பணியாளர் அனைவரும் வேலையை விட்டுக் கடலில் நீராட வேண்டும் என்று ஒரு சீமாட்டி கட்டளையிடுகிறாள். உணவு கெட்டுவிடும் என்னும் சமையற்காரரின் எச்சரிக்கை எடுபடவில்லை. அன்றிரவு விருந்தும் புயலும் ஒருங்கே வர, சீமான்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது! குழந்தைகளுடன் காணத் தக்க காட்சியன்று அது.

பின்னர்க் கப்பல் மூழ்க, சிலர் தீவொன்றில் ஒதுங்குகின்றனர். அவர்களுள் மீன் பிடிக்கவும் தீ மூட்டவும் அறிந்தவள், கழிப்பறைப் பணி பார்த்த பிலிப்பைன்சுப் பெண் அபிகேல் ஒருத்தியே. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த அவள் தலைவியாகும்போது நமக்கும் உள்ளம் பூரிக்கிறது. ஆனால் அவளோ மீனில் பெரும் பங்கைத் தனக்கே எடுத்துக்கொள்கிறாள். உயிர்காப்புப் படகையும் தன் படுக்கையறை ஆக்கிக்கொள்கிறாள். அதிகாரம் கைமாறிற்று, குணம் மாறவில்லை.

நாமும் வெறுங்கையோடு வந்து குடியேறியவர்களே. இன்று நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் ஊர் எதுவென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?