கூண்டுக் கதவு எத்தனை மணி நேரம் மூடியிருக்கலாம்?

ஹுத்தான் மெலிந்தாங்கில் செம்பனைத் தோட்டத்து வீடானாலும் தாமான் வரிசை வீடானாலும், நாய் வளர்ப்பவர்கள் சிலர் வாசலோரம் கம்பிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் உள்ளே, இரவில் காவலுக்கு வெளியே என்பது ஏற்பாடு. கூண்டே கொடுமை என்று சொல்ல வரவில்லை. குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம் கற்றுத்தர, அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வு கொடுக்க, காரில் ஏற்றிச் செல்ல அது நல்ல துணை. அதுவே நாயின் குடியிருப்பாகிவிட்டால் நோய் வரும். நம் கடலோர வெப்பமும் ஈரமும் அதை இன்னும் சீக்கிரம் வரவழைக்கும்.

வளை வேறு, பூட்டு வேறு

நாய் வளை தேடும் பிராணி, அடைபட்டிருப்பது அதன் இயல்பு என்று வாதிடுவோர் உண்டு. இது பாதி உண்மை. நாயின் மூதாதையான ஓநாய், குட்டி ஈன்று வளர்க்கும் காலத்தில்தான் வளையை நாடுகிறது. சில வாரங்களில் குட்டிகள் அதைவிட்டு வெளியேறிவிடும். அந்த வளைக்குக் கதவும் இல்லை. நாய் ஒதுங்கிப் படுக்க மூலை தேடும் என்பது மெய்தான். அதற்காகப் பூட்டப்படுவதை அது விரும்பும் என்று ஆகாது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணிக்கு ஏற்ற இடமும் இயல்பாக நடமாடும் வாய்ப்பும் தருவதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. துன்புறுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வெப்பம், உண்ணி, எலி

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி இரைக்கும்போது ஈரம் ஆவியாகித்தான் உடல் சூடு தணிகிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழி பாதி அடைபட்டுவிடும். வெளியே படுத்திருக்கும் நாய், வெயில் மேலே விழுந்ததும் எழுந்து நிழலுக்குப் போகும். கூண்டிலிருப்பதற்குப் போக இடமில்லை. 39 பாகையை ஒட்டியிருக்க வேண்டிய உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு சிவந்து, நாய் தள்ளாடினால், உடனே தண்ணீர் ஊற்றி நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும்.

அதிகம் பேசப்படாத சங்கதி உண்ணி. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரிடுக்கிலும் கூண்டின் மூட்டுகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே அதே நாய் அடைபட்டுக் கிடக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்; கூண்டை நகர்த்தி, அது நின்ற சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மிஞ்சிய சோறு எலியை அழைக்கும். ஆந்தைக்குக் கூடு வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு எலிக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். அதன் சிறுநீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் தாக்கும், கூண்டைக் கழுவுகிறவரையும் தாக்கும்.

“அவிழ்த்துவிட்டால் ஓடிவிடுமே”

நியாயமான கவலைதான். தெருவில் திரியும் நாயை ஊராட்சி மன்றத்தார் பிடித்துப் போகலாம். நாயோடு புழங்காத அண்டை வீட்டாரின் மனமும் மதிக்கப்பட வேண்டும். ஆனால் ஓடுவதைத் தடுக்க கேட்டின் அடியிடைவெளியில் கம்பி வலை அடிக்கலாம், கருத்தடை செய்யலாம், பின்கட்டில் நாய் நடமாடும் அளவுக்குத் தடுப்பு வேலி போடலாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், நண்பகலில் ஒரு முறை திறந்துவிட உறவினரையோ அயலாரையோ ஏற்பாடு செய்வது மிகையான கோரிக்கை அல்ல. வளர்ந்த நாய்க்குப் பகலில் தொடர்ந்து நான்கு மணி நேரமே அதிகம். இரண்டு மாதக் குட்டி அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்காது. கூண்டிலேயே நனைத்துப் பழகிவிட்டால் பயிற்சியும் வீண்.

கூண்டில் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். கம்பித் தரைமேல் பலகையோ பாயோ விரிக்காவிட்டால் பாதம் புண்ணாகும். கழுத்துப்பட்டி கம்பியில் மாட்டி இறுக்கக்கூடும், அதனால் உள்ளே விடும்முன் கழற்றிவிடுங்கள். முதல் சில நாள் கதவைத் திறந்தே வைத்து உள்ளே தீனி வையுங்கள். நாய் தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு சில நிமிடங்கள் மூடிப் பாருங்கள். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்க்கு அது பிடிவாதம் அல்ல, தனிமைப் பீதி. இன்னும் உறுதியான பூட்டு அதைக் குணமாக்காது. கூண்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.